இலைச்சாறு செய்யும் வினையூக்கி: பச்சை எதுவரைக்கும் பச்சை?

வேப்பிலையை அலசி, நறுக்கி, பத்து கிராம் எடுத்து, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவிட்டு, வாட்மன் 1 வடிதாளில் வடிகட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதில் 10 மில்லியை எடுத்து 90 மில்லி சில்வர் நைட்ரேட் கரைசலில் (செறிவு 1 மில்லிமோலார்) ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், தண்ணீர் மாதிரி இருந்தது மெல்ல மஞ்சளாகி, அப்புறம் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்து நிற்கும். அவ்வளவுதான் செய்முறை, வெள்ளி நானோ துகள் தயார். துளசி, கறிவேப்பிலை, ஆவாரம்பூ, குப்பைமேனி, நெல்லிக்காய், வாழைப்பழத் தோல் என்று இலையையும் காயையும் மட்டும் மாற்றி மாற்றி இதே செய்முறையில் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து வருவதும் அதில் கொஞ்சநஞ்சமில்லை. வேதியியல் எம்.எஸ்சி. பிராஜெக்ட் என்றாலே "நீ எந்தச் செடி எடுத்திருக்கே?" என்று கேட்கிற அளவுக்குப் பரவியிருக்கிறது.

நிறம் மாறுமா என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம், மாறும். கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. அப்படிச் செய்த துகளை வினையூக்கியாகப் போட்டு, அதற்குப் 'பசுமை வினையூக்கி' என்று பெயரும் வைக்கும்போது, அந்தப் பசுமை எதுவரைக்கும் செல்லுபடியாகிறது? என் கணக்கில், பெரும்பாலான சமயங்களில் முதல் பீக்கரோடு முடிந்துவிடுகிறது.

முதலில் நிறத்தை முடித்துவிடலாம். வெள்ளி பத்து இருபது நானோமீட்டர் உருண்டையாகச் சிறுத்துப்போனால், அதன் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஒட்டுமொத்தமாக ஊசலாடி 400 முதல் 450 நானோமீட்டர் வரையிலான ஒளியை விழுங்கிவிடும். ஊதாவும் நீலமும் போனால் கண்ணுக்கு மிஞ்சுவது மஞ்சள். தங்கத்துக்கு இது 520 பக்கம் நடப்பதால் மாணிக்கச் சிவப்பு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே பாஸ்பரஸைக் கொண்டு தங்க உப்பை ஒடுக்கி (அதாவது எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கி) இந்தச் சிவப்புக் கரைசலைச் செய்து 1857-லேயே விவரமாக எழுதிவிட்டார். 1951-ல் டர்கெவிச் குழு சோடியம் சிட்ரேட்டைப் போட்டுக் கொதிக்கவைத்துத் தங்கத் துகள் செய்தது, இன்றைக்கும் பல ஆய்வகங்களில் முதல் வகுப்புப் பாடம் அதுதான். இந்தச் சிட்ரேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செடிக்கு வந்தது பிற்பாடு. 2002-ல் டெக்சாஸில் கார்டியா டோரஸ்டே குழு, தங்க உப்பு கலந்த ஊடகத்தில் வளர்த்த ஆல்ஃபால்ஃபா (குதிரைமசால்) செடிக்குள்ளேயே தங்க நானோ துகள் உருவாவதைக் காட்டியது. இங்கே புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு முதலில் பூஞ்சைகளை வைத்துத்தான் துகள் செய்துகொண்டிருந்தது. பூஞ்சையை வளர்க்க வேண்டும், காக்க வேண்டும், துகள் வர நாள்கணக்கில் ஆகும். இலைச்சாறு அதையே மணிக்கணக்கில் செய்தது. 2003-ல் ஜெரேனியம் இலை, 2004-ல் வேப்பிலை, அதே ஆண்டில் எலுமிச்சைப்புல் கொண்டு முக்கோணத் தங்கத் தகடுகள் என்று அடுத்தடுத்து வந்த அந்தக் கட்டுரைகள்தான் இன்றைய வெள்ளத்துக்கு மடை திறந்தவை. அவர்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: ஒரு சாறு ஏன் உருண்டை தருகிறது, இன்னொன்று ஏன் முக்கோணம் தருகிறது? பின்னால் வந்தவர்களில் பலர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுச் செடியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள்.

சரி, சாறு என்ன செய்கிறது? பாலிஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், சர்க்கரைகள் போன்றவை எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. கேலிக் அமிலம் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ள மூலக்கூறு இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டுக் குயினோன் ஆகிறது. வெள்ளி அயனி அதை வாங்கிக்கொண்டு உலோகமாகிறது. அப்புறம் சாற்றில் இருக்கிற புரதமும் மற்றதும் துகளின் மேல் படிந்து, துகளும் துகளும் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கின்றன.

எந்த உலோகம் வாங்கிக்கொள்ளும் என்பதை அதன் திட்ட ஒடுக்க மின்னழுத்தமே சொல்லிவிடும், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற அட்டவணைதான். தங்கத்துக்கு +1.0 வோல்ட், வெள்ளிக்கு +0.80. பெல்லாடியமும் வெள்ளிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இவை மூன்றும் கேட்காமலே எலக்ட்ரானை வாங்கும். தாமிரம் +0.34, கொஞ்சம் முரண்டு பிடிக்கும், செய்தாலும் காற்று பட்டால் ஆக்சைடு ஆகிவிடும். இரும்பு −0.44. இங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது. பாலிஃபீனாலுக்கு இரும்பு அயனியை உலோக இரும்பாக ஆக்கும் வலு கிடையாது.

ஆனாலும் 2009-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்தவர்களும் இருந்த ஒரு குழு, தேயிலைச் சாற்றில் இரும்பு உப்பைக் கலந்து கிடைத்த கருப்புத் துகளை 'சுழிய இணைதிற நானோ இரும்பு' (அயனியாக இல்லாத உலோக இரும்பு) என்று அறிவித்து, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்து புரோமோதைமால் நீலச் சாயத்தை அது சிதைப்பதாகக் காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. 2014-ல் செக் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கருப்புப் பொருளை இன்னும் கவனமாகப் பார்த்தபோது அதில் உலோக இரும்பு இல்லை, இரும்பும் பாலிஃபீனாலும் சேர்ந்த அணைவுச் சேர்மம்தான் இருந்தது. நீர்வாழ் உயிர்களுக்கு அது நல்ல நஞ்சாகவும் இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் அதிர்ச்சி வரக்கூடாது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) போட்டால் கன்னங்கரேல் என்று வருமே, அந்த மைக்குள் இருப்பதும் இதே வகைச் சேர்மம்தான். கலம்காரித் துணியைக் கடுக்காய்ப் பாலில் ஊறவைத்து, இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலில் கோடு இழுத்தவுடன் கருப்பு பிடிக்கிறதே, அதுவும் இதே வேதியியல். சும்மா நிறம் கறுத்ததை வைத்து உலோக இரும்பு வந்துவிட்டது என்று எழுதினால், கடுக்காய் மைக்காரர்கள் எல்லாரும் நானோ விஞ்ஞானிகள் ஆகிவிடுவார்கள்.

துத்தநாக ஆக்சைடு கதை இன்னும் வேடிக்கை. அதில் ஒடுக்கமே நடக்க வேண்டியதில்லை, துத்தநாகம் அயனியாகவே இருந்து ஆக்சைடு ஆகிறது. பல செய்முறைகளில் துத்தநாக நைட்ரேட்டையும் இலைச்சாற்றையும் கலந்து, கூழாக வற்றவைத்து, உலையில் 400 அல்லது 500 டிகிரியில் வைத்து எடுக்கிறார்கள். அந்த வெப்பத்தில் இலையின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. யூரியா, கிளைசின் போட்டு இதையே செய்வதற்கு எரிதல் தொகுப்பு என்று பெயர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே.சி. பாட்டீல் குழு பல ஆண்டுகள் செய்து காட்டிய முறை. இலைச்சாறு அங்கே எரிபொருள் வேலை பார்க்கிறது. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் "மூலிகையின் ஒடுக்கும் திறன்" என்று நாலு பத்தி எழுதுவதற்கும் அங்கே இடமில்லை.

வெள்ளிக்கே திரும்புவோம், அங்கே வேதியியல் நியாயமாக நடக்கிறது. துகள் கிடைத்துவிட்டது, இது நல்ல வினையூக்கிதானா என்று எப்படிச் சோதிப்பது? ஏறக்குறைய எல்லாரும் செய்வது ஒரே சோதனை: 4-நைட்ரோஃபீனாலை 4-அமினோஃபீனாலாக ஒடுக்குவது. ஐ.ஐ.டி. கரக்பூரில் தாராசங்கர் பால் குழு வெள்ளித் துகளை வைத்து 2002 வாக்கில் செய்து காட்டியதும், பின்னால் ஜெர்மனியில் பாலாஃப் குழு அதன் வேகவியலை அலசி எடுத்ததும் இதற்கு வலுவான அடித்தளம் போட்டன. பார்க்கவும் அழகான சோதனைதான். நைட்ரோஃபீனால் கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடைப் போட்டதும் அது பளிச்சென்ற மஞ்சளாகி, ஒளி உறிஞ்சல் படத்தில் 400 நானோமீட்டரில் பெரிய முகடு காட்டும். துகள் இல்லாமல் அப்படியே மணிக்கணக்கில் வைத்தாலும் அசையாது. துகள் கரைசலைச் சில துளி விட்டதும், கியூவெட்டின் (ஒளி அளக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) சுவரில் ஹைட்ரஜன் குமிழிகள் பொடிப்பொடியாக ஒட்டத் தொடங்கும் (அவை ஒளிக்கதிரின் குறுக்கே வந்து அளவீட்டைக் குலைக்கும், தட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்), 400-ல் இருக்கும் முகடு இறங்க இறங்க 300-ல் ஒரு சின்ன முகடு எழும்பும், சில நிமிடங்களில் மஞ்சள் போய்த் தெளிந்த நீராகிவிடும். உறிஞ்சலின் மடக்கையை நேரத்துக்கு எதிராகப் போட்டால் நேர்கோடு. சரிவுதான் வேக மாறிலி. யூ.வி. கருவி ஒன்று இருந்தால் ஒரு மதியத்தில் ஒரு கட்டுரைக்கான படம் கிடைத்துவிடும்.

இனிக் கணக்குப் போடுங்கள். இலைச்சாறு எதற்கு? போரோஹைட்ரைடு போன்ற கடுமையான ஒடுக்கியைத் தவிர்க்கத்தான் என்று முன்னுரையில் எழுதியிருப்பார்கள். மேலே சொன்ன 90 மில்லி கரைசலில் மொத்தமே 9.7 மில்லிகிராம் வெள்ளி இருக்கிறது. இதைப் போரோஹைட்ரைடு கொண்டு ஒடுக்கியிருந்தால், வெள்ளியைப் போல இரண்டு மடங்கு மோல் போட்டாலும், சுமார் 7 மில்லிகிராம் செலவாகியிருக்கும். சோதனையில் என்ன ஆகிறது? 4-நைட்ரோஃபீனால் 0.1 மில்லிமோலார், போரோஹைட்ரைடு அதைப்போல நூறு மடங்கு என்று வைத்தால், 3 மில்லி கியூவெட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகப் போரோஹைட்ரைடு போகிறது. ஆறேழு தடவை ஓட்டினால் மிச்சம் பிடித்தது காலி. இதையே ஒரு லிட்டர் கழிவுநீருக்குப் பெருக்கிப் பாருங்கள்: 14 மில்லிகிராம் நைட்ரோஃபீனாலை மாற்ற கிட்டத்தட்ட 380 மில்லிகிராம் போரோஹைட்ரைடைத் தண்ணீரில் கொட்ட வேண்டும், அது அத்தனையும் கடைசியில் போரேட்டாக அங்கேயே கிடக்கும். எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் இதைச் செய்யாது. பாரசிட்டமால் செய்வதற்கு அமினோஃபீனால் வேண்டுமென்கிற தொழிற்சாலைகூட ஹைட்ரஜன் வாயுவைத்தான் பயன்படுத்தும். நைட்ரோஃபீனால் சோதனை இரண்டு வினையூக்கிகளை ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல், அவ்வளவுதான். அதைச் சுற்றுச்சூழல் தீர்வு என்று விற்கும்போதுதான் எனக்குப் பொறுப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு, கட்டுரைகளில் அதிகம் பேசப்படாதது. இலைச்சாறு எல்லா வெள்ளி அயனியையும் ஒடுக்கிவிடுவதில்லை. துகளைச் சரியாகக் கழுவாமல் அப்படியே சோதனைக்குப் போட்டால் கூடவே கொஞ்சம் வெள்ளி அயனியும் போகிறது. போரோஹைட்ரைடு பட்டதும் அந்த அயனி அந்த நொடியே வெள்ளித் துகளாகிவிடும், அதுவும் மேல் பூச்சு எதுவும் இல்லாத, சுறுசுறுப்பான துகள். அப்படியானால் நைட்ரோஃபீனாலை ஒடுக்கியது வேப்பிலை செய்த வெள்ளியா, போரோஹைட்ரைடு அங்கேயே செய்த வெள்ளியா? வெறும் சில்வர் நைட்ரேட்டைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டிப் பார்த்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

குளோரைடும் இப்படித்தான். செடிச் சாறு எதிலும் குளோரைடு உப்பு கொஞ்சம் இருக்கும், வெள்ளி அயனியைக் கண்டால் விடாது. எக்ஸ்.ஆர்.டி. படத்தில் (எக்ஸ் கதிர் சிதறலை வைத்துப் படிகத்தை அடையாளம் காணும் முறை) வெள்ளி உலோகத்தின் முகடுகள் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் வரும். ஆனால் வெளியான எத்தனையோ படங்களில் 27.8, 32.2, 46.2 டிகிரியிலும் முகடுகள் நிற்கின்றன, சில படங்களில் வெள்ளியின் முகட்டைவிட உயரமாகவே. அது சில்வர் குளோரைடு. கட்டுரையில் அதற்குப் பெயரே இருக்காது, இல்லாவிட்டால் "தாவர உயிரிப்பொருள்கள் படிகமானதால் வந்தவை" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எஃப்.டி.ஐ.ஆர். படத்திலும் (அகச்சிவப்பு ஒளியை வைத்து வேதித் தொகுதிகளைக் காணும் முறை) 3400 பக்கத்தில் அகலமான ஒரு பள்ளத்தைக் காட்டி "பாலிஃபீனாலின் ஹைட்ராக்சில்" என்று எழுதுவார்கள். மாதிரியில் ஈரம் இருந்தாலும் அங்கேதான் வரும்.

மேல் பூச்சு விஷயத்திலும் ஒரு முரண் இருக்கிறது. துகள் சிறிதாக இருப்பதன் முழுப் பயனும் மேற்பரப்பில்தான். ஒரு கிராம் வெள்ளியைப் பத்து நானோமீட்டர் உருண்டைகளாக ஆக்கினால் மொத்த மேற்பரப்பு சுமார் 57 சதுர மீட்டர், அதாவது அறுநூறு சதுர அடி வீட்டின் தரை அளவு. வினை முழுக்க அந்தத் தரையில்தான் நடந்தாக வேண்டும். இலைச்சாற்றின் புரதமும் பிசினும் டானினும் வந்து உட்காருவதும் அதே தரையில்தான். துகள் திரளாமல் மாதக்கணக்கில் நிலையாக இருக்கிறது என்று பெருமைப்பட்டால், வினைபடு மூலக்கூறுக்கு உள்ளே வர இடமில்லாமல் போகும். வேகம் வேண்டுமென்று கழுவி எடுத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். வேகவியல் படத்தில் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் எதுவும் நடக்காமல் ஒரு தட்டைப் பகுதி தெரியுமே, அதற்கு மேற்பரப்பு தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு காரணம். ஒரே செடியின் சாறு சித்திரையில் பறித்ததற்கும் ஐப்பசியில் பறித்ததற்கும் வேறுபடும், இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும் வேறுபடும், ஆகவே பூச்சும் வேறுபடும். ஒருவர் செய்ததை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்ய முடியாமல் போவதன் வேர் இங்கே இருக்கிறது.

அடுத்தது சாயக் கழிவுநீர். முன்னுரையில் அதைத் தொடாத கட்டுரை அபூர்வம். நமக்கு அது வெறும் முன்னுரை வரி இல்லை: நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்டபாடும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதற்குப் பிறகு பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் என்ற பெயரில் சவ்வூடு வடிகட்டலுக்கும் ஆவியாக்கலுக்கும் பட்டறைகள் கொட்டுகிற பணமும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆய்வகத்தில் எடுத்துக்கொள்கிற சாயம் மெத்திலீன் நீலம். பனியன் துணிக்கு அதைப் போடுவதில்லை, பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயங்கள். இரண்டாவது, போரோஹைட்ரைடும் வெள்ளியும் சேர்ந்து மெத்திலீன் நீலத்தைச் சிதைப்பதில்லை. நிறமற்ற லியூகோ வடிவத்துக்கு மாற்றி வைக்கின்றன. போரோஹைட்ரைடு தீர்ந்த பிறகு குடுவையைக் காற்றோடு நன்றாகக் குலுக்கினால் நீலம் திரும்பி வரப் பார்க்கும். "98 சதவீதம் சிதைவு" என்று தலைப்பில் இருக்கும், மூலக்கூறு முழுசாக உள்ளேயே இருக்கும். அசோ சாயங்களை எடுத்தால் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உண்மையிலேயே உடையும், நிறமும் போகும், ஆனால் உடைந்து வருவது அரோமேட்டிக் அமீன்கள். அவற்றில் சில சாயத்தைவிட மோசமான, புற்றுநோயோடு தொடர்புள்ள பொருள்கள். மூன்றாவது, உப்பு. சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீரில் வெள்ளி நானோ துகளை விட்டால் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும், அந்தத் தண்ணீரில்தான் சோதனை செய்ய வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் செய்த முடிவை வைத்துக்கொண்டு நொய்யலைக் காப்பாற்றுவதாகச் சொல்ல முடியாது.

இப்போது அந்தச் சிட்ரேட். பச்சை முறை எதைவிட நல்லது என்று கேட்டால் எப்போதும் போரோஹைட்ரைடையும் ஹைட்ரசீனையும்தான் எதிரே நிறுத்துகிறார்கள். எழுபது வருடப் பழைய டர்கெவிச் முறையில் இருப்பது தண்ணீர், கொஞ்சம் சூடு, உணவில் சேர்க்கிற சோடியம் சிட்ரேட். அதைவிட இலைச்சாறு எந்த விதத்தில் மேல் என்று காட்டினால்தான் வாதம் நிற்கும். 2014-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் குழு பலவகைத் தங்கத் துகள் தயாரிப்புகளுக்கு வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கு (மூலப்பொருளிலிருந்து தொடங்கிச் சுற்றுச்சூழலுக்கு ஏறும் மொத்தச் சுமை) போட்டபோது, சுமையில் பெரும்பங்கு தங்க உப்பிலிருந்தே வந்தது; எந்த ஒடுக்கியைப் போட்டாலும் அந்தச் சுமை கூடவே வந்தது. சுரங்கத்தில் தோண்டி, உருக்கி, அமிலத்தில் கரைத்து வந்த உலோகத்துக்கு முன்னால் பத்து கிராம் இலை மிச்சம் பிடிப்பது மிகக் கொஞ்சம். மைய விலக்கியில் மூன்று தடவை சுழற்றுவது, எத்தனாலில் கழுவுவது, இரவு முழுக்க அடுப்பில் உலர்த்துவது, இதெல்லாம் வேறு கணக்கில் சேர வேண்டும்.

அப்படியானால் முழுக்க வீண் வேலையா? இல்லை. உலோகத்தைக் குறைவாக எடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற இடத்தில் செடிப்பொருளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. பிசின், செல்லுலோஸ், கரியாக்கிய விவசாயக் கழிவு இவற்றின் மேல் பெல்லாடியத்தை ஊன்றிவிட்டால், ஒடுக்குவதும் தாங்குவதும் ஒரே பொருளாகி, வினை முடிந்ததும் வடிகட்டி எடுத்துவிடலாம். சுசுகி வினை போன்ற கார்பன் இணைப்புகளுக்கு (2010 நோபல் பரிசு பெற்ற வேதியியல்) இது பொருந்தும். அங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: 2003-ல் உலோகமே இல்லாமல் சுசுகி வினை நடக்கிறது என்று அறிவித்த லெட்பீட்டர் குழு, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் இருந்த பெல்லாடியம்தான், அதுவும் நூறு கோடியில் சுமார் ஐம்பது பங்கு அளவில், வேலையைச் செய்தது என்று 2005-ல் அவர்களே கண்டுபிடித்து எழுதினார்கள். வடிகட்டியில் தங்கும் துகள் வேலை செய்கிறதா, அதிலிருந்து கரைந்து வந்த அயனி வேலை செய்கிறதா என்று பார்க்காமல் எதையும் நம்ப முடியாது.

எனக்கு இன்னும் பிடித்தது பிரான்ஸில் குளோட் கிரிஸோன் எடுத்த வழி. நியூ கலிடோனியாவின் நிக்கல் சுரங்கம் தின்ற மண்ணில் உலோகத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் செடிகள் வளர்கின்றன. அந்த இலைகளைச் சேகரித்து, சாம்பலாக்கி, அதிலிருந்தே வினையூக்கி செய்கிறார்கள். இங்கே செடி உலோகத்தையே கொண்டுவருகிறது, மண்ணும் கொஞ்சம் தேறுகிறது. சுரங்கக் கணக்கே மாறிவிடுவதால் பச்சை என்ற பெயர் அதற்குப் பொருந்துகிறது.

இந்த வருடம் இதே தலைப்பில் பிராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு: புதிய செடி தேடி அலைவதைவிட, வேம்பையோ கடுக்காயையோ எடுத்து, நாலு கட்டுப்பாட்டுச் சோதனைகளைச் சேர்த்தால் போதும். துகள் இல்லாமல் போரோஹைட்ரைடு மட்டும். வெள்ளி இல்லாமல் இலைச்சாறு மட்டும். சாறு இல்லாமல் சில்வர் நைட்ரேட் மட்டும். அதே அளவுத் துகளாகச் சிட்ரேட்டில் செய்த வெள்ளி. எல்லாவற்றையும் வெள்ளியின் ஒரே எடைக்குக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும், "சாறு 0.5 மில்லி" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. எவ்வளவு வெள்ளி உண்மையில் துகளில் இருக்கிறது, வினைக்குப் பிறகு எவ்வளவு தண்ணீரில் கரைந்து போனது என்பதற்கு ஐ.சி.பி. அளவீடு (கரைசலில் உள்ள உலோகத்தின் அளவைக் காட்டும் கருவி முறை) தேவைப்படும், கல்லூரியில் கருவி இல்லாவிட்டால் ஐ.ஐ.டி. மெட்ராஸ் செய்ஃப் (SAIF) கருவி மையம் மாதிரி இடங்களுக்குக் கட்டணம் கட்டி மாதிரியை அனுப்பலாம். வழிகாட்டி சம்மதித்தால் நல்லது, இல்லாவிட்டால் முதல் மூன்று சோதனைகளுக்குக் கியூவெட்டும் ஒரு மதியமும் போதும்.